பட்டுத்தண்ணி கழுவிய பாதி முகம்

எங்கள் கம்பெனியில் இப்போது கன்னத்தைச் சோதிக்க மெஷின் வந்துவிட்டது. பேனா மாதிரி ஒரு குச்சி. கன்னத்தில் வைத்தால் கம்ப்யூட்டரில் நம்பர் ஓடும். ஈரம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். அதற்குப் பூஜை போட்ட அன்றைக்கு, ரிட்டயரான என்னையும் கூப்பிட்டுச் சுண்டல் கொடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு, "அண்ணாச்சி, மெஷின் இல்லாத காலத்துல எப்பிடி டெஸ்ட் பண்ணீக?" என்று கேட்டார்கள்.

"நான்தான்டா மெஷின்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தன் மட்டும் சிரிக்காமல் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க இடது பக்கத்தப் பத்தி ஒண்ணு சொல்லுறாகளே. அது நெசமா?"

இன்னும் கொஞ்சம் சுண்டல் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சொல்வது நான், எழுதியது என் போன், பிழை திருத்தியது என் மருமகள். படிப்பு எனக்கு ஒன்றாம் வகுப்பிலேயே சன்னல் வழியாக இறங்கிப் போய்விட்டது. அதனால் பெரிய வார்த்தை எங்கேயாவது வந்தால் அது மருமகளுடையது.

என் பேர் செல்லையா. ஊர் வன்னியம்பட்டி. முதலில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வேகவைக்கிற இடத்தில் கிடந்தேன். வேகவைக்கத் தெரிந்தவன் என்பதற்காக இந்தக் கம்பெனிக்குக் கூட்டிவந்தார்கள். இங்கே வேகவைப்பது பட்டுக்கூடு. புடவைக்கு நூல் எடுக்கிற கூடு இல்லை. பூச்சி உள்ளிருந்து ஓட்டை போட்டுப் பறந்துபோன வெறுங்கூடு. ஓசூர்ப் பக்கமிருந்து சாக்குச் சாக்காக வரும். அதைத் தண்ணீரில் அழுத்தம் கொடுத்து வேகவைத்தால் பட்டின் பசை கரைந்து கஞ்சி மாதிரி இறங்கும். அந்தக் கஞ்சியை வடிகட்டி, தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த ஒரு சரக்கைச் சேர்த்துப் பக்குவம் பண்ணினால் மெல்லிசாக நுரைக்கிற ஒரு திரவம் கிடைக்கும். மஞ்சள் நிறம், ஈரத் துணி வாசம். முகம் கழுவுகிற பாட்டில்களில் கொஞ்சம் கலக்கிறார்கள். கலப்பது சொட்டு, பாட்டிலில் பட்டுப்பூச்சிப் படம் உள்ளங்கை அகலம். நாங்கள் அதைப் பட்டுத்தண்ணி என்போம்.

புதிதில் எனக்குக் கொடுத்த வேலை கூடு பொறுக்குவது. ஒவ்வொரு கூட்டையும் காதோரம் வைத்து ஆட்ட வேண்டும். சத்தம் வந்தால் பூச்சி வெளியே போகாமல் உள்ளேயே காய்ந்து கிடக்கிறது, அதை ஒதுக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிற பொம்பளைகள் "ஆள் இருக்கு", "ஆள் இல்ல" என்று சொல்லிச் சொல்லிப் போடுவார்கள். மத்தியான வெயிலில் தகரக் கூரை சூடாகும்போது, யாரும் தொடாமலே சாக்குக்குள் கூடுகள் லேசாகச் சரசரக்கும். முதல் வாரம் நான் சாப்பாட்டுத் தூக்கை வெளியே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். கேட்டவர்களிடம் காற்று வாங்குகிறேன் என்று சொன்னேன்.

கெமிஸ்ட் எஸ்தர் மேடம். சீவில்லிபுத்தூர்க்காரர். டீச்சர் வீட்டுப் பிள்ளை. எங்களுக்கு அவர்தான் பெரிய ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பாராட்டியும் கேட்டதில்லை. ஒரே கேள்வியை மூன்று தடவை அதே குரலில் கேட்பார். முதல் தடவை நான் ஜோக் அடிப்பேன். இரண்டாவது தடவை பாதி ஜோக். மூன்றாவது தடவை உண்மை வந்துவிடும்.

ஒருநாள் கூடு வேகிற கொப்பரைப் பக்கம் வந்து என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தார். "செல்லையா, உங்களுக்கு மூஞ்சில பரு, படை ஏதாவது உண்டா?"

"அழகு ஒண்ணுதான் மேடம் கொறை."

"பரு, படை ஏதாவது உண்டா?"

"இல்ல மேடம்."

அப்படித்தான் நான் மெஷின் ஆனேன்.

அந்தச் சோதனையை ஒழுங்காகச் சொல்கிறேன். காலையில் வந்ததும் பெஞ்சில் மல்லாந்து படுக்க வேண்டும். நெற்றி நடுவிலிருந்து மூக்கு வழியாகத் தாடை வரைக்கும் வெள்ளை பிளாஸ்திரி ஒன்றை நேராக ஒட்டுவார். முகம் இரண்டு வீடாகிவிடும். இடது பாதிக்குப் பட்டுத்தண்ணி. வலது பாதிக்குச் சாதாரணக் குளியல் சோப்பு. இரண்டுக்கும் தனித்தனிக் கிண்ணம், தனித்தனித் துணி. துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு ஃபேனை அணைத்துவிட்டு வெளியே போய்விடுவார். நான் கையால் தொடாமல், பேசாமல், சிரிக்காமல் கிடக்க வேண்டும். சிரிக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

திரும்பி வந்ததும் தன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, விரலின் பின்பக்கத்தால் இரண்டு கன்னத்தையும் தொடுவார். "இழுக்குதா? எரியுதா?" நான் வாயைத் திறந்தால், "நீங்க சொல்ல வேணாம். மொகம் சொல்லட்டும்" என்பார். கடைசியில் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுவார். வலது கன்னத்தில் சொட்டு உருண்டு காதுக்குள் ஓடிவிடும். இடது கன்னத்தில் ஓடாது. அப்படியே பரவி உட்கார்ந்துகொள்ளும்.

"கழுவுன பொறவும் கொஞ்சம் தோல்ல தங்கிரும் செல்லையா. அதுதான் இதோட கொணம்."

"எம்புட்டு மேடம் தங்கும்?"

"கண்ணுக்குத் தெரியாது."

"அப்பத் தெனமும் தங்குனா, நான் ரிட்டயர் ஆகையில ஒரு மூஞ்சி தைக்கிற அளவு துணி சேந்திருமே."

மேடம் சிரிக்கவில்லை. நான்தான் பிளாஸ்திரி விரிய விரியச் சிரித்தேன். இப்போது அந்த ஜோக்கை நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருவதில்லை.

சோதனை முடிந்ததும் பாய்லருக்குப் போய்விடுவேன். அடுப்பு வாய் எனக்கு வலது பக்கம். இப்படியே வருஷக்கணக்காக, இடது பக்கம் பட்டு, வலது பக்கம் நெருப்பு. ஐம்பதைத் தாண்டின பிறகுதான் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. முடிவெட்டுகிறவர் ஒரு பக்கம் சவரம் பண்ணிவிட்டு அடுத்த பக்கம் வந்தபோது கத்தியை எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, ஒரு ஆளுக்குத்தான் காசு வாங்குவேன். ரெண்டு பேரா வந்திருக்கீக" என்றார். நானும் சிரித்தேன். வீட்டில் என் மனைவி சரசு மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலில் எப்போதும் எனக்கு இடது பக்கம் படுப்பவள், இடம் மாறி வலது பக்கம் படுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "முழிப்பு வந்து பாத்தா வேற யாரோ படுத்திருக்க மாதிரி இருக்கு" என்றாள்.

யார் மாதிரி என்று நான் கேட்கவில்லை.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கராசு, எனக்கு ரொம்ப இளையவன். தேவதானத்தில் பெண் எடுத்து அங்கேயே இருந்தான். மீசை வைக்க மாட்டான். தலையில் துண்டு கட்டாமல் வெளியே வர மாட்டான். பிளவக்கல் அணைப் பக்கம் தோப்பு வேலைக்குப் போனவன், ஒரு மழைக்காலத்தில் திரும்பவில்லை. தண்ணீர்க் கரையில் அவன் வேட்டியும் சட்டையும் மடித்து வைத்தபடி இருந்தன. ஆள் இல்லை. தேடாத இடமில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அவனுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

அவன் மனைவி பாக்கியம் தாலியைக் கழற்றவில்லை. உடம்பைப் பார்க்காமல் எப்படி என்று கேட்டாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போய், மகள் கனகாவை வளர்த்து ஆளாக்கினாள். கனகாவுக்கு சேத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்று கேட்டார்கள். பெண்ணின் தகப்பன் இருக்கிறாரா, இல்லையா? செத்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டால் பத்திரிகை அடிக்கலாம் என்றார்கள். மகளுக்காகப் பாக்கியம் சரி என்று சொல்லிவிட்டாள். உடம்பு இல்லாமலே கருமாதி செய்வதாகப் பேச்சு.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் பெரிய சோதனை ஒன்று வந்தது. குழந்தைகளுக்குச் சோப்புப் போடுகிற ஒரு கம்பெனி எங்கள் பட்டுத்தண்ணியைக் கேட்டிருந்தது. எஸ்தர் மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சோதனை முடிகிற வரைக்கும் முகத்தில் வெயில் படக் கூடாது. மொபெட்டில் வரக் கூடாது, பஸ்ஸில்தான் வந்துபோக வேண்டும். தலையில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். மீசையை எடுத்துவிட வேண்டும்.

"மீசைய எடுத்தா என்னைய எங்க வீட்டு நாயே உள்ள விடாது மேடம்."

"மீசைய எடுத்திருங்க."

எடுத்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன், சரசு போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளிறி நிற்கிறாள்.

"பாக்கியம் பேசுனா. தங்கராசப் பாத்தாளாம்."

"எங்க வச்சு?"

"ராசபாளையம் பஸ் ஸ்டாண்டுல. சீவில்லித்தூர் பஸ்சு வெளிய திரும்பையில, சன்னலோரம் உக்காந்திருந்தானாம். தலையில துண்டு. போன அன்னைக்கு இருந்த மாதிரியே இருந்தானாம்."

"வேல முடிஞ்சு அந்த பஸ்சுலதான்டி நானும் வாரேன்!"

"அதான் அவகிட்டச் சொன்னேன். நாளைக்கு நல்லாப் பாருங்க."

மறுநாள் பார்த்தேன். பஸ்ஸில் ஏறி முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒவ்வொரு மூஞ்சியாகக் குனிந்து பார்த்தேன். "என்ன அண்ணாச்சி, எதத் தொலைச்சீக?" என்று ஒருத்தர் கேட்டார். "தம்பியத் தொலைச்சிட்டேன்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. வழக்கமான இடது பக்கச் சன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டேன். பஸ் வெளியே திரும்பும்போது கூட்டத்தில் பாக்கியம் நிற்பது தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏன் திருப்பினேன் என்று பிள்ளைகளுக்குப் புரியாது. எங்கள் சொந்தபந்தத்தில் ஒரு முறை உண்டு. தம்பி மனைவி, புருஷனின் அண்ணன் முன்னால் நேராக வந்து நிற்க மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள். எதிரே வந்துவிட்டால் அண்ணன்காரனும் அவளைப் பார்க்காமல் திரும்பிக்கொள்ள வேண்டும். பாக்கியத்தின் குரலை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அவள் என் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததில்லை. அவளுக்கு நான் என்றால் ஒரு மீசையும் ஒரு இருமலும்தான்.

அன்றைக்கும் போன் வந்தது. சரசு ஸ்பீக்கரில் போட்டாள். பாக்கியம் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவிய என்னையப் பாத்தாக அக்கா. நல்லாக் கண்ணு நிறையப் பாத்தாக. பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டாக."

"அழாத பாக்கியம்."

"நான் அழல. உசுரோட இருந்துக்கிட்டே என்னைய வேணாம்னு இருக்காகன்னா, நான் எதுக்கு அக்கா அழணும்?" பிறகு, "ஆமா, அத்தானும் அந்த பஸ்சுல வாராகன்னு சொன்னியளே? நான் சன்னல் சன்னலாப் பாத்தேன். அவியளக் காணலையே?"

சரசு என்னைப் பார்த்தாள். நான் சரசுவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு மூளை எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும். அன்றைக்கு நான் நினைத்ததெல்லாம் இதுதான்: அதே பஸ்ஸில், எனக்குப் பின்னாலோ பக்கத்திலோ, என் தம்பி உட்கார்ந்து வருகிறான். அவளுக்கு அவன் தெரிகிறான், நான் தெரியவில்லை. அப்படியென்றால் எங்கள் இருவரில் உயிரோடு இல்லாதவன் யார்?

பாக்கியம் வேலைக்குப் போவதை விட்டுவிட்டாள். சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். கருமாதிப் பேச்சு நின்றுபோனது. சேத்தூர்க்காரர்களுக்கு விஷயம் போய், "தகப்பன் உசுரோட ஓடிப்போயிருந்தா அது வேற சங்கதி. அந்த மாதிரி வீட்டுல நாங்க பொண்ணு எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். கனகா போனில் என்னிடம், "பெரியப்பா, அப்பா இருக்காரா இல்லையான்னு எனக்கு வேண்டாம். எங்க அம்மாவ மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்திருங்க" என்றாள்.

அந்த வாரம்தான் எஸ்தர் மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சோதனைக்காக எடுத்த போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டிருந்தார். சோப்புக் கம்பெனிக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு வேலை செய்திருந்தார். என் முகத்தின் வலது பாதியை மட்டும் எடுத்து, கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி, அதோடே சேர்த்து ஒரு முழு முகம். இடது பாதியை அப்படியே செய்து இன்னொரு முழு முகம்.

"இது ரெண்டும் நீங்கதான். ஆனா பாக்க எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. அதான் கூப்பிட்டேன்."

வலது பாதியால் ஆன முகம் என் அப்பா. சாகக் கிடந்தபோது எப்படி இருந்தாரோ அப்படி. அதைப் பார்த்து ஒரு ஜோக்கூட யோசித்துவிட்டேன். அதைச் சொல்வதற்குள் கண் அடுத்த முகத்துக்குப் போய்விட்டது.

தங்கராசு உட்கார்ந்திருந்தான். மீசை இல்லாமல், தலையில் துணி கட்டி, சுருக்கமில்லாத முகத்தோடு என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கண் சிமிட்டுவானோ என்று காத்திருந்தேன்.

"யாரு செல்லையா?" மேடத்துக்கு என் முகமே சொல்லிவிட்டது போல.

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், சன்னல், நான் முகத்தைத் திருப்பினது, எல்லாம். அவர் அந்தப் படத்தை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஜெபித்தாரோ என்னவோ. பிறகு, "யாருக்குமே மொகத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது. நான்தான் அதப் பிரிச்சு வளத்துட்டேன்" என்றார். எழுந்து வந்து என் மூக்கின் மேலிருந்த பிளாஸ்திரியைத் தன் கையாலேயே மெதுவாக உரித்தார். "இந்தச் சோதனை போதும். இன்னையிலேர்ந்து ரெண்டு பக்கமும் ஒரே சோப்பால கழுவுங்க."

"இன்னும் ரெண்டு நாள் பொறுங்க மேடம். அந்தப் பக்கத்துக்கு ஒரு வேலை பாக்கியிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரசுவும் நானும் தேவதானம் போனோம். கனகா நாற்காலி போட்டாள். பாக்கியம் வழக்கம்போல உள்கதவுக்குப் பின்னால் நின்றாள். "வாங்க அத்தான்" என்ற குரல் மட்டும் வந்தது. மெலிந்த குரல்.

வழியெல்லாம் நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகவே சொன்னேன்.

"தாயி, இன்னைக்கு ஒரு நாள் மொறையெல்லாம் விட்டுட்டு வெளிய வா. வந்து என் மூஞ்சியப் பாரு."

"அது எப்பிடி அத்தான்? என்னால ஏலாது."

"ஏட்டி, வா" என்றாள் சரசு. "நான் நிக்கேன்ல. வந்து பாரு. பஸ்சுல நீ பாத்தது யாருன்னு தெரிஞ்சுக்கோ."

கதவு அசைந்தது. நான் துண்டைத் தலையில் கட்டி, வாசல் வெளிச்சம் இடது பக்கம் படும்படி நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரைத்தான் பார்த்தேன். அவள் வந்து நின்றது கொலுசுச் சத்தத்தில் தெரிந்தது.

கனகாதான் முதலில் பேசினாள். "பெரியப்பா, இந்தப் பக்கம் திரும்புங்க. எனக்குப் பயமா இருக்கு."

நான் திரும்பப் போனேன்.

"திரும்பாதீக அத்தான்." பாக்கியத்தின் குரல் பக்கத்தில் கேட்டது. "நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு. செத்த நேரம் மட்டும் அப்பிடியே இருங்க."

என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் நான் இருக்கும்போது அவள் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். கடைக்கண்ணில் அவள் நெற்றிக் குங்குமம் தெரிந்தது. அவள் என்னிடம் பேசவில்லை. என் இடது கன்னத்திடம் பேசினாள்.

"போகையில ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? சோத்தப் போட்டு வச்சிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன்." நிறுத்தினாள். "கனகாவுக்கு மாப்பிள்ள பாத்திருக்கு. சேத்தூர்ல. நல்ல பையன், குடிக்க மாட்டான். உங்கள மாதிரியே தண்ணியக் கண்டா எறங்கிருவான்னு சொன்னாக. தண்ணியில எறங்க வேணாம்னு சொல்லிவிட்டிருக்கேன்."

சரசு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு பஸ்சுல மொகத்தத் திருப்பிக்கிட்டீகளே. எம்மேல கோவமா?"

"ம்ஹும்."

அந்தச் சத்தம் என் வாயிலிருந்துதான் வந்தது. தங்கராசு அப்படித்தான் சொல்வான், உதட்டைத் திறக்காமல், மூக்கால். நான் ஒரு கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவனே இல்லை. நாலு வார்த்தையும் ஒரு சிரிப்பும் சேர்க்காமல் எனக்கு வாய் மூடாது. அதைச் சொன்னது நான்தான் என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

இடது கன்னத்தில் மட்டும் சூடாக இருந்தது, யாரோ உள்ளங்கையை வைத்தாற்போல. பாக்கியம் என்னைத் தொடவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

எங்கள் பக்கம் யாரை வழியனுப்பினாலும் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். கடன் கேட்க வந்தவனுக்குக்கூட அதுதான். பாக்கியம் அப்படிச் சொல்லவில்லை.

"போங்க" என்றாள்.

பின்னால் கனகா விசும்புவது கேட்டது. பாக்கியம் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அத்தான், இந்தப் பக்கம் திரும்புங்க."

வலது பக்கம் திரும்பினேன். அடுப்பில் வெந்த அந்தக் கிழட்டுக் கன்னத்தை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"கருமாதிக்கு நாள் பாருங்க" என்றாள்.